புதிய வெர்ஷன் வந்துவிட்டது – உடனே மாறலாமா?



நமது சங்க ஆண்டு மலரில் கவிதை, துணுக்கு, விடுகதை எல்லாம் எழுதத் திறமையானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு அது வராது. ஆகவே, பாடப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் வேலைக்குப் போன முதல் வருஷத்திலேயே நம் தலையில் வந்து விழப் போகிற ஒரு விஷயத்தை எழுதலாம் என்று துணிந்திருக்கிறேன். அது என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேருக்குப் புதிய வெர்ஷன் வந்தால் எப்போது மாறுவது என்பதுதான்.

"இதில் என்ன இருக்கிறது? புதுசு வந்தா போட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். "ஓடுற வண்டியை ஏன் கைவைக்கணும்?" என்று வேறு சிலர் கேட்கலாம். இரண்டு பேரும் பாதி சரி, பாதி தப்பு. எப்படி என்று பார்ப்போம்.

புரொடக்‌ஷன் என்றால் என்ன?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் புரொடக்‌ஷன் என்றால் எல்லாருக்கும் தெரியும். லைனில் ஷூ ஓடுவதுதான் புரொடக்‌ஷன். கணிப்பொறித் துறையிலும் அதே சொல் இருக்கிறது. லேபில் நாம் பழகும் சிஸ்டம் புரொடக்‌ஷன் இல்லை. அங்கே டேபிள் அழிந்து போனால் மறுபடி உருவாக்கிக் கொள்ளலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. உண்மையான மனிதர்களின் உண்மையான கணக்கு எதில் ஓடுகிறதோ அதுதான் புரொடக்‌ஷன். பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, நமது பரீட்சை மார்க், கம்பெனிச் சம்பளம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு டேட்டாபேஸ் உட்கார்ந்திருக்கிறது. அது நின்றால் வேலை நிற்கும். அதைவிட மோசம், அது நிற்காமலே தப்பாக ஓடுவது.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸை எடுத்துக் கொள்வோம். 17.2 என்று இருந்தால், புள்ளிக்கு முன்னால் உள்ள 17 பெரிய வெர்ஷன். புள்ளிக்குப் பின்னால் உள்ள 2 சின்ன வெர்ஷன். பெரிய வெர்ஷன் வருஷத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். புதிய வசதிகள் அதில்தான் இருக்கும். சின்ன வெர்ஷன் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். அதில் புதுசாக ஒன்றும் இருக்காது. பழைய ஓட்டையை அடைப்பது மட்டும்தான். ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருஷம் ஆதரவு உண்டு. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடித்தாலும் யாரும் அடைத்துத் தர மாட்டார்கள்.

பெரிய வெர்ஷன் மாறும்போது டிஸ்கில் டேட்டா இருக்கும் விதமே மாறலாம். அதனால் டேட்டாவைப் புதிய வெர்ஷனுக்குக் கொண்டு போகத் தனி வேலை செய்ய வேண்டும். சின்ன வெர்ஷனுக்கு அது வேண்டாம். சாஃப்ட்வேரை மாற்றி, ஒரு முறை நிறுத்தி ஓட்டினால் பொதுவாகப் போதும்.

ஆனால் எல்லா கம்பெனிக்கும் புள்ளியின் அர்த்தம் ஒன்று அல்ல. மைஎஸ்கியூஎல் 8.0 வரிசையில் பல வருஷம் கடைசி எண் மாறும்போதே புதிய வசதிகளும் சேர்ந்து வந்தன. 2022 ஏப்ரலில் வந்த 8.0.29-இல் காலத்தைச் சட்டென்று சேர்க்கும், நீக்கும் வசதியில் ஒரு பிழை இருந்து டேட்டாவையே கெடுத்தது. ஆரகிள் நிறுவனம் அந்த வெர்ஷனை டவுன்லோடு பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே முதல் பாடம்: எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. கூட வரும் ரிலீஸ் நோட்ஸை முழுக்கப் படிக்க வேண்டும்.

முந்திப் போனவர்கள் பட்டது

போஸ்ட்கிரெஸ் 14 வந்தது 2021 செப்டம்பர் 30. உலகம் முழுக்கத் திறமைசாலிகள் சேர்ந்து செய்தது, பல மாதம் சோதனை ஓட்டமும் நடந்தது. அப்படியும் அதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. டேபிளில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இண்டெக்ஸ் கட்டும் ஒரு முறை உண்டு. அப்படிக் கட்டும்போது சில வரிகள் இண்டெக்ஸில் விட்டுப் போகலாம் என்பதுதான் அந்தப் பிழை. வேகத்துக்காகச் செய்த ஒரு மாற்றத்தினால் வந்த வினை அது. 2022 ஜூன் 16-இல் 14.4 வந்துதான் அது சரியானது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டரை மாதம்!

இது எப்படிப்பட்ட கோளாறு தெரியுமா? புத்தகத்தின் பின்னால் பொருளடக்க அட்டவணை இருக்கிறது. பாடம் 63-ஆம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அட்டவணையில் அந்த வரி மட்டும் இல்லை. அட்டவணையை நம்பித் தேடுகிறவன் "அந்தப் பாடமே இல்லை" என்பான். அதேபோல ஒரு தொழிலாளியின் விவரம் டேபிளில் இருக்கும். டோக்கன் நம்பர் போட்டுத் தேடினால் "அப்படி யாரும் இல்லை" என்று கணிப்பொறி சொல்லும். எர்ரர் வராது, சிவப்பு எழுத்து வராது. மானிட்டர் பாட்டுக்கு நிம்மதியாக இருக்கும்.

சரி, பெரிய வெர்ஷன்தான் ஆபத்து, சின்னதில் பயம் இல்லை என்று சொல்லலாமா? அதுவும் முடியாது. 2024 நவம்பர் 14-இல் போஸ்ட்கிரெஸ் 17.1 வந்தது. உள்ளே ஓர் அமைப்பின் அளவு மாறியதால், பழைய அளவை நம்பி உருவாக்கப்பட்ட சில கூடுதல் இணைப்புகள் அதோடு ஒத்துப் போகாத நிலை வந்தது. ஒரே வாரத்தில், நவம்பர் 21-இல், 17.2 வெளியிட்டுச் சரி செய்தார்கள். அதே 2024 ஜூலையில் மைஎஸ்கியூஎல் 8.0.38, 8.4.1, 9.0.0 மூன்றிலும் ஒரு பிழை. பத்தாயிரம் டேபிளுக்கு மேல் வைத்திருப்பவர்கள் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் எழுந்திருக்காது. அதற்கும் அந்த மாதமே மாற்று வெர்ஷன் வந்தது.

இந்தப் பிழைகளை அவர்களே ஏன் முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை? அவர்களிடம் நம்முடைய டேட்டா இல்லை. பத்தாயிரம் டேபிள் வைத்திருப்பவன் ஓட்டிப் பார்த்தால்தான் பத்தாயிரம் டேபிள் பிழை தெரியும். சில தப்புகள் கூட்டம் வந்தால்தான் வெளியே வரும்.

பிந்திப் போனவர்கள் பட்டது

இதைப் படித்துவிட்டு "அப்ப நான் மாறவே மாட்டேன்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மறு பக்கம் இன்னும் பயங்கரம்.

2003 ஜனவரி 25 சனிக்கிழமை. மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2000 என்ற டேட்டாபேஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஸ்லாமர் என்ற புழு இன்டர்நெட்டில் கிளம்பியது. அதன் மொத்த அளவு 376 பைட். நம் மலரின் ஒரு பத்தி அளவு கூட இல்லை. சுமார் பத்து நிமிஷத்தில் உலகத்தில் அகப்படக் கூடிய சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கணிப்பொறிகள். தென் கொரியாவில் இன்டர்நெட் திணறியது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏ.டி.எம்.கள் பலவற்றில் ஜனங்களால் பணம் எடுக்க முடியவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே கொடுத்துவிட்டது. ஆறு மாதம் கையில் மருந்தை வைத்துக்கொண்டே நோயில் விழுந்தார்கள். "ஓடுற வண்டியை ஏன் கைவைக்கணும்" என்பதன் விலை இதுதான்.

ஆதரவு முடிந்த வெர்ஷனும் அப்படித்தான். மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு ஆதரவு முடிந்தது. போஸ்ட்கிரெஸ் 12-க்கு 2024 நவம்பரோடு முடிந்தது. இன்னும் அதிலேயே இருப்பவர்கள் கூரை இல்லாத வீட்டில் வெயில் காலத்தில் சுகமாகத் தூங்குகிறார்கள். மழை வரும்போது தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் சும்மா இருந்தாலும் மாற்றம் சும்மா இருக்காது. லினக்ஸில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் ஜிலிப்சி என்ற பொது நூலகத்தில் இருக்கின்றன. 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 வெர்ஷனில் அந்த வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. டேட்டாபேஸைத் தொடாமல் லினக்ஸை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு, பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸ்கள் புதிய வரிசைக்குப் பொருந்தாமல் போயின. இண்டெக்ஸை மறுபடி கட்டினால்தான் சரியாகும். அகர வரிசை மாறிய பிறகு பழைய அகராதியில் சொல் தேடுவது போலத்தான் அது.

நம் நாட்டில் இரண்டு உதாரணங்கள்

இவை டேட்டாபேஸ் வெர்ஷன் மட்டும் மாறிய கதைகள் அல்ல, முழு சிஸ்டமே மாறிய கதைகள். ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

முதலாவது, வருமான வரித் துறை. 2021 ஜூன் 1 முதல் 6 வரை பழைய இணையதளத்தை மூடிவிட்டு, ஜூன் 7-இல் இன்ஃபோசிஸ் உருவாக்கிய புதிய தளத்தை நாடு முழுவதற்கும் ஒரே நாளில் திறந்தார்கள். முதல் நாளிலிருந்தே ஏகப்பட்ட கோளாறு. ஆகஸ்டில் இரண்டு நாள் தளமே திறக்கவில்லை. ஆகஸ்ட் 23-இல் நிதி அமைச்சகம் அந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரியை அழைத்துப் பேசி, செப்டம்பர் 15-க்குள் சரி செய்யச் சொன்னது. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதியும் டிசம்பர் 31 வரை தள்ளிப் போனது. திரும்பிப் போகப் பழைய தளம் இல்லை என்பதுதான் பெரிய சங்கடம்.

இரண்டாவது, தபால் துறை. 2025-இல் ஏ.பி.டி. என்ற புதிய மென்பொருளுக்கு மாறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட அலுவலகங்கள், கிராமத்துக் கிளை அஞ்சலகம் வரை. அவர்கள் முதலில் மே, ஜூன் மாதங்களில் கர்நாடக வட்டத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே தெரிந்த குறைகளைச் சரி செய்து, பிறகு வட்டம் வட்டமாகப் பரப்பி, 2025 ஆகஸ்ட் 4-இல் நாடு முழுக்க முடித்தார்கள். மாறும் நாளில் கவுண்டரில் வேலை நடக்காது என்று முன்கூட்டியே போர்டு வைத்தார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அப்படியும் முதல் சில நாட்கள் வேகம் குறைந்து பல ஊர்களில் ஜனங்கள் வரிசையில் காத்திருந்தார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. இருந்தாலும் இவ்வளவு பெரிய மாற்றத்தை ஓர் இடத்தில் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குக் கொண்டு போனது கவனிக்க வேண்டிய முறை.

எங்கள் வீட்டில் பட்டது

நான் எங்கள் குடும்பத்தில் முதல் படிப்பாளி. அப்பா தோல் கம்பெனியில் ட்ரம் வேலை. அம்மா ஒரு ஷூ கம்பெனியில் மேல் பாகம் தைக்கிறார்கள். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ஒரு மாதம் சம்பளத் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி, சம்பளக் கணக்கு ஓடும் சிஸ்டத்தைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றினார்கள். காலையில் பார்த்தால் கைரேகை மெஷினிலிருந்து வருகைப் பதிவு உள்ளே வரவில்லை. ஓ.டி. கணக்கு எல்லாம் சைபர். சம்பளம் ஆறு நாள் தள்ளிப் போனது.

ஆறு நாள் என்பது கணிப்பொறி அறைக்குச் சின்ன விஷயம். ஆனால் திங்கட்கிழமை குழுக் கடன் கட்ட வேண்டும். அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டினார்கள். "கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சாம்டா" என்று என்னிடம் சொன்னார்கள். கம்ப்யூட்டர் படிக்கிறவன் நான் என்பதால் என்னையே கேட்பது போல இருந்தது.

பிறகு இன்பிளான்ட் ட்ரெயினிங் போன வேறொரு இடத்தில் கணிப்பொறிப் பிரிவு சாரிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னது: "மாறினது தப்பில்லப்பா. பழைய வெர்ஷனுக்கு ஆதரவு முடிஞ்சிருந்தா மாறித்தான் ஆகணும். நாள் தப்பு. சுத்தி இருக்கிற மெஷினோட சேத்து ஓட்டிப் பாக்காதது தப்பு. பழசுக்குத் திரும்ப வழி வெக்காதது பெரிய தப்பு."

வீட்டில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "புதுச் சாயம் வந்தா பெரிய ட்ரம்ல யாருடா போடுவாங்க? சின்ன ட்ரம்ல நாலு தோலைப் போட்டு, காய வெச்சு, கலர் பாத்துத்தான் லாட்டைப் போடுவோம். ஒரு லாட்டு போச்சுன்னா முதலாளி வுடுவாரா?" என்றார். எழுதப் படிக்க அதிகம் தெரியாத அப்பா, டேட்டாபேஸ் நிர்வாகத்தின் முதல் விதியை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

முடிவெடுக்க ஆறு கேள்விகள்

நான் படித்ததையும் கேட்டதையும் சேர்த்து ஆறு கேள்விகளாகத் தொகுத்திருக்கிறேன். நோட்டில் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

1. இப்போது ஓடும் வெர்ஷனுக்கு ஆதரவு எந்தத் தேதி வரை? அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போட வேண்டும். கடைசி மாதத்தில் ஓடுகிறவனுக்குச் சோதிக்க நேரம் கிடைக்காது.

2. வந்திருப்பது பாதுகாப்புத் திருத்தமா, புதிய வசதியா? பாதுகாப்புத் திருத்தம் என்றால் நாட்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். சோதனை சிஸ்டத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே போட வேண்டும். புதிய வசதி என்றால் அவசரமில்லை. அந்த வசதி நமக்கு வேண்டுமா என்றே முதலில் கேட்க வேண்டும். பெரிய வெர்ஷன் வந்தால் இரண்டு மூன்று சின்ன வெர்ஷன் வெளிவரும் வரை பொறுத்திருப்பது அனுபவசாலிகள் பலரின் வழக்கம். போஸ்ட்கிரெஸ் 14 கதையைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது புரியும்.

3. சுற்றியிருப்பவை ஒத்துப் போகுமா? டேட்டாபேஸ் தனியாக வாழ்வதில்லை. மேலே அப்ளிகேஷன், நடுவில் டிரைவர், பக்கத்தில் கைரேகை மெஷின், கீழே லினக்ஸ் அல்லது விண்டோஸ். ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் அடிக்க வேண்டும்.

4. திரும்பி வர வழி உண்டா? மைஎஸ்கியூஎல் 8.0-லிருந்து 5.7-க்கு இறங்க அதிகாரபூர்வ வழியே கிடையாது. போஸ்ட்கிரெஸ்ஸை லிங்க் முறையில் மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் புதியதை ஒரு முறை ஓட்டிவிட்டால் பழையதை மறுபடி ஓட்ட முடியாது. ஆகவே மாறுவதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் பேக்கப்பை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, டேட்டா முழுசாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத பணம்.

5. நம்முடைய டேட்டாவில் ஓட்டிப் பார்த்தோமா? லேபில் பத்து வரி டேபிளில் ஓடுவது சோதனை அல்ல. புரொடக்‌ஷன் டேட்டாவின் நகலை எடுத்து, பெயர், கணக்கு எண் போன்ற சொந்த விவரங்களை மறைத்து, ஒரு மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் ஓட்ட வேண்டும். இரண்டு மொத்தமும் பைசா வரை ஒத்து வர வேண்டும். வசதி இருந்தால் புதிய வெர்ஷனைப் பக்கத்திலேயே வைத்து, ரெப்ளிகேஷன் மூலம் டேட்டா இரண்டிலும் வந்துகொண்டே இருக்கும்படி செய்து, நிதானமாக மாறலாம்.

6. எந்த நாள்? எங்கள் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை யாரும் ஐப்பசி மழையில் தண்ணீர் ததும்பும்போது வெட்டி மராமத்து செய்ய மாட்டார்கள். கோடையில் ஏரி வற்றும்போதுதான் செய்வார்கள். அதேபோல சம்பள வாரம், பி.எஃப். கட்டும் 15-ஆம் தேதி, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, தீபாவளி போனஸ், கப்பல் ஏற்றுமதி நெருக்கடி இவை இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். மறுநாள் எல்லாரும் வேலையில் இருக்கும் நாளாகவும் இருக்க வேண்டும். மாற்றுகிறவர், பார்க்கிறவர், "வேண்டாம், திரும்பிப் போ" என்று உத்தரவு கொடுக்கிறவர் யார் யார் என்று முன்பே தாளில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த ஆறுக்கும் பதில் இருந்தால் மாறலாம். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் நிறுத்தி வைத்துப் பதிலைத் தேட வேண்டும். ஆனால் "தேடுகிறேன்" என்று சொல்லி வருஷக் கணக்கில் இழுக்கக் கூடாது. அது ஸ்லாமர் கதையில் கொண்டு போய் விடும்.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாரும் "மற்றவன் முதலில் போகட்டும், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று பொறுத்திருந்தால் பிழையைக் கண்டுபிடிப்பது யார்? நல்ல கேள்வி. அதற்குத்தான் பீட்டா வெர்ஷன். போஸ்ட்கிரெஸ்ஸுக்குப் பெரும்பாலும் மே மாத வாக்கில் முதல் பீட்டா வரும். அதை இலவசமாக எடுத்து ஓட்டிப் பார்த்து, கோளாறு கண்டால் எழுதி அனுப்பலாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், டிப்ளமோ மாணவனும் செய்யலாம். கம்பெனியில் தைரியமாகச் செய்ய முடியாத சோதனையை நமது லேபில் செய்யலாம், ஏனென்றால் இங்கே யாருடைய சம்பளமும் நிற்காது. நமது கணிப்பொறித் துறை ஒரே ஒரு பழைய சிஸ்டத்தை இதற்கென்று ஒதுக்கித் தந்தால், வருகிற ஆண்டு ஒரு குழுவாகச் சேர்ந்து செய்யலாம் என்பது என் பணிவான வேண்டுகோள்.

நண்பர்களே! நம்மில் நிறைய பேரின் வீட்டில் தோல் கம்பெனி, ஷூ கம்பெனிச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நாளைக்கு அந்தச் சம்பளக் கணக்கு ஓடும் சர்வருக்கு முன்னால் நாமே உட்காரலாம். அப்போது "புதிய வெர்ஷன் ரெடி, இப்போதே மாற்றவா?" என்று திரை கேட்கும். பட்டனை அமுக்க ஒரு விநாடி போதும். அந்த ஆறு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு அமுக்குங்கள். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். ஆழத்துக்குப் பயந்து கரையிலேயே நின்றுவிடவும் வேண்டாம்.



– கணிப்பொறியியல் பிரிவு மாணவன்,
காவேரிப்பாக்கம்